"அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கார்": மறதி நோயில் முனைப்பு வற்றிப்போவது ஏன்?

மறதி நோய் என்றதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது பேரன் பெயரை மறந்த பாட்டி, கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கும் தாத்தா, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் "எனக்கு இன்னும் சோறே போடல" என்று சண்டைக்கு வருகிறவர். இதெல்லாம் கண்ணில் படும், நாலு பேருக்குத் தெரியவரும், அதனால் டாக்டரிடமும் கூட்டிப்போவோம். ஆனால் இந்த நோயில் குணத்திலும் நடத்தையிலும் வருகிற மாற்றங்களில் மிகப் பரவலானது ஒன்று இருக்கிறது. அது சத்தமே போடாது. எதிலும் ஆர்வமில்லாமல், எதையும் தானாகத் தொடங்காமல், யார் என்ன சொன்னாலும் முகம் மாறாமல் ஒருவர் சும்மா உட்கார்ந்துவிடுவது. மருத்துவர்கள் 'அப்பத்தி' என்று குறித்துக்கொள்வது இதைத்தான்.

பாபநாசம் பக்கத்தில் ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்ளுங்கள், எழுபதைத் தாண்டியவர். ஜூன் 12 நெருங்கினாலே மேட்டூரில் எத்தனை அடி நிற்கிறது என்று பேப்பரைப் பிரித்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார். குறுவைக்கு ஆடுதுறை 43 விடலாமா வேறு ரகமா என்று டீக்கடையில் ஒரு மணி நேரம் வாதம் செய்வார். வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடுவார், மடையில் யாராவது கை வைத்தால் அவ்வளவுதான். அதே மனிதர் இந்த வருஷம் தண்ணீர் வந்து நாலு நாள் ஆகியும் கேட்கவில்லை. மகன் வந்து "தண்ணி வந்துட்டுப்பா" என்கிறான். "ம்" என்கிறார். பேப்பர் மடித்தபடியே கிடக்கிறது. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், கூப்பிடாவிட்டால் மூன்று மணி ஆனாலும் கேட்பதில்லை. மகளின் வளைகாப்புக்குப் போனார்கள், போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார், கிளம்பலாம் என்றதும் எழுந்தார். வருத்தமாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை. அவருக்கு எந்தக் குறையும் இல்லை என்பதுதான் வீட்டில் இருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

இதற்கு நம்மிடம் தயாராக நாலைந்து பெயர்கள் இருக்கின்றன. சோம்பேறித்தனம் என்பார்கள், அழுத்தக்காரர் என்பார்கள், "வயசாச்சுல்ல, போதும்னு ஒதுங்கிட்டார்" என்பார்கள். கொஞ்சம் பக்தியான வீடு என்றால் பற்று விட்டுப்போயிற்று என்று பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்வார்கள். இதில் கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிய ஆபத்தாகப் படுகிறது. தொந்தரவு தராத பெரியவர் நல்ல பெரியவர் என்பது நம் கணக்கு. கத்துகிறவரையும் இரவில் எழுந்து கதவைத் திறந்துகொண்டு போகிறவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம், அமைதியாக உட்கார்ந்திருக்கிறவரை எதற்குக் கூட்டிப்போகப்போகிறோம்?

மறதி நோயில் மிகப் பரவலான வகையான அல்சைமர் நோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் இந்த முனைப்பின்மை இருப்பதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கும் என்பது 2023இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், இப்போது எத்தனை திண்ணைகளில், எத்தனை ஈசிசேர்களில் இப்படி ஆட்கள் இருப்பார்கள் என்று.

சரி, மூளையில் என்னதான் நடக்கிறது?

ஒரு வேலையை நாம் செய்யத் தொடங்குவதற்கு முன்னால் மூளை சில காரியங்களை நமக்குத் தெரியாமலே முடித்துவிடுகிறது. இது செய்யத் தக்கதா, செய்தால் என்ன கிடைக்கும், அதற்கு எவ்வளவு பாடுபட வேண்டும் என்று ஒரு கணக்குப் போடுகிறது. பிறகு எதை முதலில், எதை அடுத்தது என்று வரிசை பிடிக்கிறது. கடைசியில் 'ம், எழுந்திரு' என்று ஒரு உந்து கொடுக்கிறது. இந்த வேலைகளை நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் சில பகுதிகளும், மூளையின் ஆழத்தில் இருக்கும் நரம்பு முடிச்சுகளும், இரண்டுக்கும் இடையே ஓடும் இணைப்புகளும் சேர்ந்து பார்த்துக்கொள்கின்றன. டோபமைன் என்ற வேதிப்பொருளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. மறதி நோய் ஞாபகத்தைப் பார்த்துக்கொள்ளும் பகுதியை மட்டும் தின்றுவிட்டு நின்றுவிடுவதில்லை, இந்தச் சுற்றுப்பாதையிலும் கை வைக்கிறது. போர்க்குழாயில் தண்ணீர் இருக்கிறது, மோட்டாரும் நன்றாக இருக்கிறது, கரண்டும் வந்திருக்கிறது, ஸ்டார்ட்டர் மட்டும் எரிந்துபோய்விட்டது என்றால் வயலுக்குத் தண்ணீர் பாயுமா? அதனால்தான் அந்தப் பெரியவர் நடக்கத் தெரிந்தும் நடப்பதில்லை, பேசத் தெரிந்தும் பேசுவதில்லை.

2006இல் ரிச்சர்ட் லெவி, புரூனோ துபுவா என்ற இரண்டு பிரெஞ்சு நரம்பியலாளர்கள் இந்த முனைப்பின்மையை மூன்றாகப் பிரித்தார்கள். வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அது நிஜமாகவே உதவும் என்பதால் சொல்கிறேன். சிலருக்கு மனத்தில் எதுவும் ஒட்டுவதில்லை. பேரக்குழந்தை பிறந்த செய்தியும் மின்கட்டணச் செய்தியும் ஒன்றுதான். சிலருக்கு ஆசை இருக்கும், ஆனால் வேலையை எப்படிக் கோத்துச் செய்வது என்பது பிடிபடாது. குளிக்கப் போக வேண்டும் என்றால் துண்டு எடுக்க வேண்டும், வேட்டி எடுக்க வேண்டும், வெந்நீர் விளாவ வேண்டும். இதில் எங்கே ஆரம்பிப்பது என்று புரியாமல் "இன்னிக்கு வேணாம்" என்று முடித்துவிடுவார்கள். மூன்றாவது வகைதான் கடுமையானது. யாராவது தூண்டினால் ஒழிய எண்ணமே எழாது, உட்கார வைத்தால் உட்கார்ந்தபடி, நிற்க வைத்தால் நின்றபடி. பல பேருக்கு இவை கலந்தே வரும் என்றாலும், எது தூக்கலாக இருக்கிறது என்று ஒரு வாரம் கவனித்தாலே ஓரளவு பிடிபட்டுவிடும்.

மனச்சோர்வோடு இதைக் குழப்பிக்கொள்வது ரொம்ப சகஜம், டாக்டர்களிடமும் நடக்கிறது. இரண்டிலும் ஆள் ஒதுங்கிவிடுவார், இரண்டிலும் பேச்சு குறையும். வித்தியாசம் எங்கே என்றால், மனச்சோர்வில் இருக்கிறவர் உள்ளே வேதனைப்படுகிறார். "நான் இருந்து என்ன பயன்", "உங்களுக்கெல்லாம் பாரமாயிட்டேன்" என்று சொல்வார், அழுவார், தூக்கம் கெடும். முனைப்பு வற்றியவருக்கு அந்த வேதனை கிடையாது. வேதனைப்படுகிறவர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும் மனைவியும் மக்களும்தான். இன்னொன்று, கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் இவர் பெரும்பாலும் வந்துவிடுவார், வந்த இடத்தில் நன்றாகவும் இருப்பார். மனச்சோர்வில் இருப்பவருக்கு வந்த இடமும் பாரமாகவே இருக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கலாம், அதை நாமே முடிவு செய்யக் கூடாது. ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்தக் குழப்பத்தால் மனச்சோர்வு மாத்திரை எழுதப்பட்டு மாதக்கணக்கில் போய்க்கொண்டிருக்கும். அந்த வகை மாத்திரைகளில் சில, சிலருக்கு உணர்ச்சியை இன்னும் மழுங்கடிக்கும். போதாததற்கு, அல்சைமரோடு மனச்சோர்வும் உள்ளவர்களிடம் செர்ட்ராலின், மிர்டாசபின் இரண்டையும் சோதித்து 2011இல் பிரிட்டனில் வெளியிட்ட பெரிய ஆய்வில், வெற்று மாத்திரையைவிட அவை கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை என்றுதான் வந்தது. அதற்காக டாக்டரைக் கேட்காமல் யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

மறதி நோயே இல்லாமலும் ஒருவர் இப்படி ஆகலாம். தைராய்டு சுரப்பு குறைந்தால், பி12 குறைந்தால், காது மந்தமானால் (சிலர் பதில் சொல்லாததற்குக் காரணம் காது கேட்காததுதான்), தூக்கத்துக்கும் அரிப்புக்கும் சளிக்கும் வாங்கிச் சாப்பிடும் சில மாத்திரைகளால்கூட ஆள் மந்தித்துப்போவார். இதில் நேரத்தைத் தவறவிடக் கூடாத ஒன்று இருக்கிறது. நேற்று வரை ஓரளவு நன்றாக இருந்தவர் இரண்டு நாளில் சட்டென்று ஒடுங்கிவிட்டார், எழுப்பினால் கண்ணைத் திறந்து மூடுகிறார், ஒரு நேரம் தெளிவு ஒரு நேரம் குழப்பம் என்றால் அது இந்தக் கட்டுரையில் வரும் சமாச்சாரம் இல்லை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உப்புச்சத்துக் குறைவு, எப்போதோ விழுந்ததில் தலைக்குள் ரத்தக்கசிவு என்று எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முனைப்பின்மை அப்படி வராது, மாதக்கணக்கில் நைசாக வரும். மருத்துவர்களின் அளவுகோலிலும் குறைந்தது நான்கு வாரமாவது நீடித்திருக்க வேண்டும் என்று இருக்கிறது.

நம் காவிரி டெல்டாவுக்கு வருவோம். ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது. இரண்டும் கட்டுக்குள் இல்லாமல் வருஷக்கணக்கில் போனால் மூளையின் மெல்லிய ரத்தக்குழாய்கள் அடைபட்டு, கை கால் இழுக்காமலே, வெளியே தெரியாமலே சின்னச் சின்னச் சேதங்கள் சேரும். அவை முன்மூளைக்கும் ஆழத்து முடிச்சுகளுக்கும் போகும் இணைப்புகளைத்தான் அதிகம் அறுக்கின்றன. அதனால் ரத்தக்குழாய்ச் சிதைவால் வரும் மறதி நோயில் ஞாபகம் ஓரளவு தேவலை, ஆனால் ஆள் அசைய மாட்டேன் என்கிறார் என்ற நிலை முதலிலேயே வந்துவிடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீடு தேடி வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார்கள், நல்ல திட்டம், இந்தச் சேதத்தைத் தடுக்க அதுவே பெரிய காரியம். ஆனால் பெரியவர் பேசாமல் கையை நீட்டுகிறார், பட்டையைச் சுற்றி அளந்து எழுதிக்கொண்டு போகிறார்கள். "டீக்கடைக்கு இப்பவும் போறாரா, பேப்பர் படிக்கிறாரா" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் எத்தனையோ பேரை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம் என்பது என் எண்ணம்.

ஐம்பதுகளிலேயே வருகிற ஒரு வகையும் உண்டு, முன்மூளையையும் நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியையும் தாக்குவது. அதில் தொடக்கத்தில் ஞாபகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், பொறுப்பு மட்டும் கழன்றுவிடும். கடையைத் திறக்க மாட்டார், மகள் கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டார், மனைவிக்கு ஜுரம் என்றால் பார்த்துக்கொண்டிருப்பார். குடும்பச் சண்டை, பஞ்சாயத்து, பிரிவு என்று போய், நோய் என்று தெரியவருவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும்.

நம் பகுதி வாழ்க்கைக்கும் இந்த நோய்க்கும் இடையே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. விவசாயியின் நாளை அவர் மட்டும் தீர்மானித்ததில்லை. தண்ணீர் வந்தால் ஓட வேண்டும், நாற்றுக்கு வயசானால் பறிக்க வேண்டும், அறுவடைக்கு ஆள் வந்தால் களத்தில் நிற்க வேண்டும், கொள்முதல் நிலையத்தில் மூட்டை கிடந்தால் ராத்திரி காவல் படுக்க வேண்டும், கோயில் மணி அடித்தால் கிளம்ப வேண்டும். வெளியிலிருந்து யாரோ, எதுவோ தூண்டிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் உந்து பலவீனமானாலும் இந்த வெளித்தூண்டல்கள் ஆளை நடத்திக்கொண்டே போயிருக்கும், யாருக்கும் வித்தியாசமே தெரிந்திருக்காது. இப்போது நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று, நடவுக்கும் அறுப்புக்கும் மிஷின், பிள்ளைகள் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ துபாயிலோ. ஐந்து மணிக்கு எழுந்து ஓட அவருக்குக் காரணமே இல்லை. நோய் இருப்பவரை இது இன்னும் வேகமாக நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது.

மீதியை நம் மரியாதை பார்த்துக்கொள்கிறது. "நீங்க உட்காருங்கப்பா, நாங்க பாத்துக்கறோம்." மார்க்கெட் போவது, பால் வாங்குவது, மாட்டுக்கு வைக்கோல் போடுவது என்று ஒவ்வொன்றாக அவர் கையிலிருந்து அன்போடு பிடுங்கிவிடுகிறோம். பெரியவரிடம் வேலை வாங்குகிறார்கள் என்று ஊர் பேசுமே என்ற பயம் வேறு. அவர் தானாகக் கேட்டு வாங்கமாட்டார் என்பதுதான் நோயே, அதனால் போன வேலை திரும்பி வருவதே இல்லை. உட்கார்ந்தே இருக்கிறவருக்குத் தசை போகும், மலச்சிக்கல் வரும், நடை தள்ளாடி விழுவார், சாப்பாடு குறையும். முனைப்பின்மை உள்ளவர்களுக்கு நோய் சீக்கிரம் முற்றுவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

பெண்களுக்கு வேறு விதம். அடுப்படியிலிருந்து ஓய்வு கிடையாது என்பதால் அவர்களிடம் மாற்றம் சீக்கிரம் தெரிந்துவிடும்: சாம்பார் வைப்பது நின்று ரசம் மட்டும் ஆகும், அப்புறம் அதுவும் நிற்கும், வாசலில் கோலம் சுருங்கி இரண்டு இழுப்பாகும். ஆனால் தெரிந்தவுடன் கிடைக்கும் பெயர் நோய் இல்லை. "மருமக வந்ததிலேர்ந்து அத்தை காலை நீட்டிட்டாங்க" என்பதுதான்.

என்ன செய்யலாம்? முதலில் கேள்வி கேட்பதை விட வேண்டும். "காபி வேணுமா?", "கோயிலுக்குப் போலாமா?", "குளிக்கிறீங்களா?" என்று எதைக் கேட்டாலும் "வேணாம்" என்றுதான் வரும். யோசித்து முடிவெடுத்துச் சொன்ன பதில் இல்லை அது, முடிவெடுக்கும் சுமையைத் தட்டிவிடும் பதில். அதற்குப் பதிலாகத் தொடக்கத்தை நாம் செய்துவிட வேண்டும். செருப்பை எடுத்துக் காலடியில் வைத்து, துண்டைத் தோளில் போட்டு, "மாமா, வாங்க, வாய்க்கா வரைக்கும் போய்ட்டு வந்துடுவோம்" என்று கையை நீட்டினால் முக்கால்வாசி நாள் எழுந்துவிடுவார். ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும். "குளிச்சிட்டு, வேட்டி மாத்திட்டு, சாமி கும்பிட்டுட்டு வாங்க" என்றால் மூன்றும் நடக்காது.

வேலை பழகிய வேலையாக இருக்கட்டும். புதிதாகக் கலர் பென்சிலைக் கையில் கொடுத்து யானைக்கு வண்ணம் தீட்டச் சொல்வதைவிட, மாசி பங்குனியில் வயலிலிருந்து வந்த உளுந்தில் ஒரு படியை முறத்தில் கொட்டி அம்மா மடியில் வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் சும்மா பார்ப்பார். நீங்களும் எதிரில் உட்கார்ந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போடுங்கள். விரல் தானாக நகரும், உளுந்தை ஓரமாகத் தள்ளும், கல்லையும் சொத்தையையும் ஒதுக்கும், கொஞ்ச நேரத்தில் முறத்தை ஒரு தட்டுத் தட்டித் தூசியை ஊதிவிடுவார். கையின் பழக்கம் ஞாபகத்தைவிட ஆழத்தில் கிடப்பதால் அது கடைசியாகத்தான் போகிறது. கல் ஒன்றிரண்டு தங்கிவிட்டால் பரவாயில்லை, அப்புறம் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம், அவர் எதிரில் திரும்பப் பொறுக்காதீர்கள். வெற்றிலைக் காம்பு கிள்ளுவது, பூத்தொடுப்பது, கீரை ஆய்வது, கொடியில் காய்ந்த துணியை மடிப்பது எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

பாட்டுக்கும் ஒரு இடம் கொடுங்கள். நாதஸ்வரமும் தவிலும் காதில் விழுந்தே வளர்ந்தவர்கள் இந்தப் பகுதிக்காரர்கள். ஜனவரியில் திருவையாறு ஆராதனைக்கு வருஷம் தவறாமல் போய் உட்கார்ந்தவர் இப்போது வீட்டில் பேசாமல் இருக்கிறார் என்றால், அன்றைய நேரடி ஒலிபரப்பை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் தொடையில் விரலைப் பாருங்கள், தாளம் விழுந்தாலும் விழும்.

எவ்வளவு தூரம் வற்புறுத்தலாம் என்பதில் என் கட்சி, குறைவாக. நாள் முழுக்க வேலை வாங்கப் பார்த்தால் இருவருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும். காலையில் ஒன்று, வெயில் தாழ்ந்து ஒன்று, தினமும் அதே நேரத்தில், அதே இடத்தில். நேரமும் இடமும் மாறாமல் இருந்தால் அதுவே கொஞ்ச நாளில் தூண்டலாகிவிடும். அவர் திண்ணையில் நிம்மதியாக உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற நேரமும் வேண்டும்தான், அதையெல்லாம் நோய் என்று துரத்த வேண்டியதில்லை.

மருந்து? இதற்கென்றே உறுதியாகப் பலிக்கும் மாத்திரை இன்னும் வரவில்லை. அல்சைமருக்கு வழக்கமாகக் கொடுக்கும் டோனெபெசில் வகை சிலருக்குக் கொஞ்சம் உதவலாம். கவனக்குறைவுள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட்டை அல்சைமரோடு முனைப்பின்மையும் உள்ள 200 பேரிடம் ஆறு மாதம் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். பலன் இருந்தது, ஆனால் அளவானதுதான். பசியும் எடையும் குறையலாம், ரத்த அழுத்தத்தையும் நாடியையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கட்டுப்பாட்டில் உள்ள மருந்து என்பதால் சிறப்பு மருத்துவர் யோசித்துத்தான் எழுதுவார். யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய பெயரைக் காட்டி மெடிக்கலில் கேட்கிற விஷயம் இல்லை.

பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றி. கத்துகிற நோயாளியைப் பார்த்துக்கொள்வதைவிட இது சுலபம் என்று வெளியிலிருந்து தெரியும். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவர், நீங்கள் மூன்று நாள் காய்ச்சலில் படுத்திருந்தும் "என்ன பண்ணுது" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றால் அது எப்படி வலிக்கும் என்று அந்த மனைவிக்குத்தான் தெரியும். போதாக்குறைக்கு ஊரிலிருந்து வந்த நாத்தனார் "அண்ணன் இப்படி இருக்க மாட்டாரே, நீங்க சரியா கவனிக்கலையோ" என்று ஒரு போடு போட்டுவிட்டுப் போவார். அவர் கேட்காமல் போனது அன்பு இல்லாததால் இல்லை, கேட்க வைக்கும் இடம் மூளையில் பழுதானதால் என்று தெரிந்துகொண்டால் வலி போய்விடாது. ஆனால் கோபம் சற்றுத் தணியும், குற்றவுணர்ச்சியும் தணியும். வாரத்தில் ஒரு நாளாவது வேறு யாராவது வந்து அவரோடு உட்கார வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற மகன் பணம் மட்டும் அனுப்பாமல் அதற்கு ஒரு ஆள் ஏற்பாடு செய்தால் அதுவே பெரிய உதவி.

டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அரசு ஆஸ்பத்திரி ஓபி என்றால் கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிஷம்தான், அதில் "ஒண்ணும் பேச மாட்டேங்கறார் டாக்டர்" என்று ஆரம்பித்தால் விஷயம் அங்கேயே நின்றுவிடும். ஒரு வருஷத்துக்கு முன் தானாக என்னென்ன செய்தார், அதில் எதெல்லாம் எந்த மாதத்திலிருந்து நின்றது, கூட்டிப்போனால் செய்கிறாரா, அழுகிறாரா, தூக்கமும் சாப்பாடும் எப்படி, எங்காவது விழுந்தாரா, என்னென்ன மாத்திரை ஓடுகிறது என்று இருக்கட்டும். மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தைராய்டும் பி12உம் பார்க்கலாமா என்று நீங்களே கேட்கலாம். நரம்பியல் பிரிவுக்கோ மனநலப் பிரிவுக்கோ போகலாம், இரண்டுமே சரிதான். "மெண்டல் டாக்டர்கிட்டயா?" என்று வீட்டில் யாராவது முகம் சுளித்தால், 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. முதியோருக்கென்றே 14567 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.